கேக்குக்கு ஒன்றரைத் துளி, எனக்கு 25 துளி: பெப்பர்மின்ட் எண்ணெயோடு நான் பட்ட பாடு

மறுநாள் காலையில் சமையலறை மேடையில் அந்த பிளாஸ்டிக் டம்ளர் அப்படியே இருந்தது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்த டம்ளர், அடிப்பக்கம் மட்டும் மங்கிப் போயிருந்தது. விரலால் தடவினால் சொரசொரப்பு. கழுவினேன், போகவில்லை. முந்தைய இரவு அதில் ஊற்றிய பெப்பர்மின்ட் எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதும் என் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்ற நினைப்பு அப்போதுதான் சரியாக உறைத்தது. பிளாஸ்டிக்கையே அரிக்கிற ஒரு சமாசாரத்தைக் குடித்துவிட்டு, வாய் எரிகிறது என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். என்னோடு வீட்டில் வேறு யாராவது இருந்திருந்தால் அந்த பாட்டிலை ஒருமுறை வாங்கிப் படித்திருப்பார்கள். தனியாக இருந்ததில் அந்த ஒரு கேள்விகூட எழாமல் போய்விட்டது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஏன் குடித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு வருடமாக வயிறு முறுக்கிப் பிடிக்கிற தொல்லை. பரிசோதனை எல்லாம் முடித்து, குடலில் வேறு கோளாறு இல்லை, இது ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், எரிச்சல் குடல் நோய்) என்று சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டு அரை மணியில் வயிறு பானை மாதிரி உப்பும், அப்புறம் இழுத்துப் பிடிக்கும். கூட வேலை பார்க்கிற ஒருவர், "பெப்பர்மின்ட் ஆயில் எடுத்துப் பாருங்க, எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஐ.பி.எஸ்.ஸுக்கு அது உதவுகிறது என்பதற்கு உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்கள் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது மாத்திரைபோல விழுங்குகிற காப்ஸ்யூல். எனக்குக் காதில் விழுந்தது 'ஆயில்' மட்டும். வீட்டில் டிஃப்யூசரில் (அறையில் வாசனை பரப்பும் கருவி) விடுவதற்காக வாங்கிய ஒரு பாட்டில் இருந்தது. அதில் '100 சதவீதம் தூய்மையானது, இயற்கையானது' என்று போட்டிருந்தது. தூய்மையானது என்றால் குடிக்கலாம் என்று என் மண்டை தானாகவே முடிவு கட்டிவிட்டது. கொஞ்சம்கூடக் கலப்படமில்லாதது என்பதுதான் அதில் இருந்த ஆபத்தே என்று அப்போது தோன்றவில்லை.

அளவை எப்படி முடிவு செய்தேன் என்பதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாக்லேட் கேக்கில் அரைத் தேக்கரண்டி பெப்பர்மின்ட் எசென்ஸ் விட்டிருந்தேன். எல்லோரும் சாப்பிட்டோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எசென்ஸ் அரைத் தேக்கரண்டி என்றால் எண்ணெய் கால் தேக்கரண்டி போதும், பாதியாகக் குறைத்துவிட்டோமே என்று ஒரு நிம்மதி வேறு. இரவு பதினொன்றரை மணி. வயிறு முறுக்குகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுக் கலக்கினேன். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பது பள்ளிக்கூடப் பாடம். கரண்டியைச் சுற்றும்வரை கலந்ததுபோல இருந்தது, நிறுத்தியதும் மேலே ஏறி மிதந்தது. அப்படியே வாயில் ஊற்றினால் முதல் மடக்கில் வருவது தண்ணீர் அல்ல, மேலே மிதக்கிற எண்ணெய் முழுவதும்தான்.

முதல் ஒரு வினாடி குளிர்ச்சி. அடுத்த வினாடி நாக்கில் தீ வைத்ததுபோல. தொண்டை இறுகியது, மூச்சை இழுத்தால் மூக்கு வழியாகக் காற்று ஊசியாகக் குத்தியது, கண்ணில் நீர் கொட்டியது. குளுகுளுவென்று இருக்கும் பொருள் எப்படி எரிக்கும் என்று பிறகு தேடிப் படித்தேன். பெப்பர்மின்ட் எண்ணெயின் முக்கியப் பொருளான மென்தால் உண்மையில் எதையும் குளிரவைப்பதில்லை. குளிரை உணர்வதற்கென்று நரம்பு முனைகளில் உள்ள ஓர் ஏற்பியை அது தட்டிவிடுகிறது, மூளை குளிர்கிறது என்று நம்பிவிடுகிறது. 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரும் 2002இல் இந்தக் குளிர் ஏற்பியைத் தனித்தனியாகக் கண்டுபிடித்ததே மென்தாலை வைத்துத்தான். அளவு கூடினால் அதே மென்தால் எரிச்சலைச் சொல்லும் நரம்புகளையும் கிளப்பிவிடும். தைலம் தடவினால் மூக்கடைப்பு விட்டதுபோல இருப்பதும் இதே வித்தைதான். உள்ளே போகும் காற்றின் அளவு கூடுவதில்லை, கூடியதுபோல உணர்வு மட்டும் வருகிறது.

பதறிப்போய் நான் செய்தது எல்லாமே தப்பு. முதலில் தண்ணீராகக் குடித்தேன். எரிச்சல் இன்னும் கீழே பரவியதுதான் மிச்சம். அப்புறம் விரலை விட்டு வாந்தி எடுத்தேன். இதைச் செய்யவே கூடாதாம். இந்த மாதிரி மெல்லிய எண்ணெய் மேலே வரும்போது கொஞ்சம் நுரையீரலுக்குள் போய்விட்டால் நிலைமை வயிற்றுவலியைவிடப் பலமடங்கு மோசமாகும். எனக்கு அது நடக்கவில்லை, அது என் அதிர்ஷ்டம். மூன்றாவதாக, எண்ணெய் பட்ட அதே விரலால் கண்ணைக் கசக்கினேன். அந்த வலியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. குழாயைத் திறந்து கண்ணை அதில் காட்டிக்கொண்டே நின்றேன், கால் மணி நேரம் இருக்கும். எத்தனையோ தப்பில் அது ஒன்றுதான் சரியாக அமைந்தது. வாயைப் பொறுத்தவரை, கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சிறிது பால் குடித்தபோதுதான் ஓரளவு அடங்கியது. இனி யாருக்காவது இப்படி நடந்தால்: வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே விஷ முறிவு உதவி எண்ணையோ அவசர சிகிச்சையையோ கூப்பிடுங்கள். இருமல் நிற்காமல் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றி மயக்கமாக இருந்தாலோ, குடித்தது குழந்தை என்றாலோ, ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம். நான் "இந்த ராத்திரியில் போய் டாக்டரிடம் என்ன சொல்வது, புதினா எண்ணெய் குடித்தேன் என்றா" என்று கூச்சப்பட்டு விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூச்சம் சுத்த மடத்தனம்.

பிறகு ஒரு நாள் காகிதத்தில் கணக்குப் போட்டேன். சமையல் எசென்ஸ் என்பது பெரும்பாலும் ஆல்கஹாலும் தண்ணீரும்தான், அதில் கரைத்த எண்ணெய் நூற்றில் சில பங்கு. மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வோம். அரைத் தேக்கரண்டி என்பது 2.5 மில்லி. அதில் இருக்கும் எண்ணெய் 0.075 மில்லி, அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் துளி. அதைக் கேக் முழுக்கப் பரப்பிப் பன்னிரண்டு துண்டு போட்டோம், ஆளுக்கு அரைக்கால் துளி. நான் குடித்தது கால் தேக்கரண்டி, 1.25 மில்லி, மில்லிக்கு இருபது துளி என்று பார்த்தால் 25 துளி. மருத்துவர்கள் கொடுக்கும் காப்ஸ்யூல் ஒன்றில் இருப்பது 0.2 மில்லி. ஆக, ஆறு காப்ஸ்யூலில் இருப்பதை எந்த உறையும் இல்லாமல் ஒரே மடக்கில் விழுங்கியிருக்கிறேன். 'பாதியாகக் குறைத்துவிட்டேன்' என்று நினைத்தவன் கேக்கில் போட்டதைவிடப் பதினாறு மடங்குக்கு மேல் எடுத்திருக்கிறேன்.

இதனால்தான் சொல்கிறேன், 'பெப்பர்மின்ட்' என்ற சொல்லைப் பார்த்து நின்றுவிடாதீர்கள், அதற்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எசென்ஸ், எக்ஸ்ட்ராக்ட் என்றால் சமையலுக்கு (ஆல்கஹால் இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்). எசென்ஷியல் ஆயில் என்றால் முழு வீரிய எண்ணெய், நேராக வாய்க்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. இதில் குழப்பம் என்னவென்றால் 'எசென்ஸ்' என்பதும் 'எசென்ஷியல்' என்பதும் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒலிக்கின்றன. மிட்டாய் செய்பவர்கள் பயன்படுத்தும் உணவுத்தர எண்ணெய் என்று இன்னொன்றும் உண்டு. அது சாப்பிடத் தகுந்தது என்றாலும் துளிக்கணக்கில்தான், தேக்கரண்டியில் அல்ல. செடியின் பெயரையும் பாருங்கள். மென்தா பைபெரிட்டா என்று இருந்தால் அது பெப்பர்மின்ட். மென்தா ஆர்வென்சிஸ் என்றால் வேறொரு புதினா, அதன் எண்ணெயில் மென்தால் இன்னும் அதிகம், மென்தால் படிகங்கள் எடுப்பதே அதிலிருந்துதான். மென்தா ஸ்பைகாட்டா என்பது ஸ்பியர்மின்ட், அதில் மென்தால் மிகக் குறைவு, வாசனையும் வேறு. பெப்பர்மின்ட் என்பதே ஸ்பியர்மின்ட்டும் நீர்ப்புதினாவும் கலந்து பிறந்த கலப்பினம். இலையைப் போட்டு டீ குடிப்பது பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. கட்டுக்கட்டாக இலையை வாலையில் வடித்து எடுத்த எண்ணெயை அந்த இலையாகவே நினைப்பதில்தான் வம்பு.

சரி, கதைக்கு வருகிறேன். வாய் எரிச்சல் இரண்டு நாளில் போய்விட்டது. மூன்றாம் நாள் இரவு படுத்ததும் நெஞ்சுக்கு நடுவே எரிந்தது. எழுந்து உட்கார்ந்தால் குறையும், படுத்தால் திரும்ப வரும். புளித்த ஏப்பம். நான்காம் நாள் எரிச்சல் தோள்பட்டைவரை போவதாகத் தோன்றியது, தோன்றியதும் வியர்த்தது, வியர்த்ததும் மாரடைப்புதான் என்று முடிவே செய்துவிட்டேன். இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, ஆறு மணி நேரக் கண்காணிப்பு. இதயத்தில் ஒன்றுமில்லை. பிறகு எண்டோஸ்கோபி. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி சிவந்து வீங்கியிருந்தது. அந்தக் குழாய் தொண்டைக்குள் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது அன்றைக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. ஆறு வாரத்துக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, ஒன்பது நாள் விடுப்பு, ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் காலி. இத்தனையும் ஒரு கால் தேக்கரண்டிக்கு.

டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "தசை தளரணும்னுதானே குடிச்சீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "தளர்ந்திருக்கு. ஆனா மேல இருக்கிற தசை." அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். குடல் தசை சுருங்கக் கால்சியம் உள்ளே போக வேண்டும். மென்தால் அந்த வழியை அடைத்துவிடுவதால் தசை இளகுகிறது, முறுக்கு விடுகிறது. ஆனால் உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் அமிலம் மேலே ஏறாமல் இறுக்கிப் பிடித்திருப்பதும் ஒரு தசைதான். எண்ணெய் வெறுமனே வயிற்றில் விழுந்தால் முதலில் இளகுவது அதுதான். அதனால்தான் காப்ஸ்யூலுக்கு மேலே ஒரு விசேஷப் பூச்சு. அது வயிற்று அமிலத்தில் கரையாது, சிறுகுடலுக்குப் போன பிறகே கரையும். மருந்து இரண்டிலும் ஒன்றுதான், எந்த இடத்தில் திறக்கிறது என்பதில்தான் வித்தியாசம். நெஞ்செரிச்சல் ஏற்கெனவே உள்ளவர்களுக்குப் பெப்பர்மின்ட் மிட்டாயும் டீயும்கூடத் தொந்தரவு செய்யலாம் என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு செரிக்கும் என்று மின்ட் வாயில் போட்டுக்கொள்வது என் வழக்கம். அதையும் விட்டேன்.

இவ்வளவு பட்டும் புத்தி வந்ததா என்றால், பாதிதான் வந்தது. உணவுக்குழாய் ஆறி, அமில மாத்திரையும் நிறுத்திய பிறகு டாக்டரே காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் பயத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு காப்ஸ்யூலோடும் ஒரு மூடி அன்டாசிட் குடித்தேன். பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. பாதுகாப்புக்குக் குடித்த அன்டாசிட்தான் வினை. அது அமிலத்தை முறித்துவிட்டதால், பூச்சு இதுதான் சிறுகுடல் என்று நினைத்து வயிற்றிலேயே கரைந்துவிட்டது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யக்கூடும், அதனால்தான் அவர் அதை முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தக் காரணம் அன்றைக்குப் புரியவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது எடுப்பது இப்படித்தான்: சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால், முழுசாக, மெல்லாமல், பிரிக்காமல், தண்ணீரோடு. அன்டாசிட் அந்தப் பக்கமே வரக்கூடாது. முறுக்கு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், வாரத்தில் ஐந்து நாள் இருந்தது இரண்டு நாளாகியிருக்கிறது. ஒரு விஷயம் யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். சில நாட்களில் மலம் கழிக்கும்போது ஆசனவாயில் குளிர்ந்த எரிச்சல் ஒன்று வரும். முதல் தடவை ரத்தம் வருகிறதோ என்று கலங்கிவிட்டேன். குடல் உறிஞ்சாமல் மிஞ்சிய மென்தால் வெளியே போகிறது, அவ்வளவுதான். தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

காப்ஸ்யூலும் எல்லோருக்கும் ஆகாது. பித்தப்பைக் கல், பித்தநாள அடைப்பு, கல்லீரல் நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், ரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின் போன்றவற்றின் அளவை இந்த எண்ணெய் ரத்தத்தில் கூட்டிவிடக்கூடும். எனவே மாத்திரைப் பட்டியலை அப்படியே டாக்டர் முன்னால் வைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் அடிக்கோடிட வேண்டும்: வயிறு முறுக்கினாலே ஐ.பி.எஸ். என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்தை எழுப்பும் வலி இருந்தால் முதலில் பரிசோதனை, அப்புறம்தான் புதினா.

தோலில் தடவுவதில் நான் பட்டது கொஞ்சம்தான். தலைவலிக்கு நேராக நெற்றியில் தேய்த்து, ஒரு நாள் முழுக்கச் சிவந்த பட்டையோடு அலைந்தேன். டென்ஷன் தலைவலிக்கு அது உதவும் என்பது உண்மை, ஆனால் ஆய்வில் பயன்படுத்தியது 10 சதவீத ஆல்கஹால் கரைசல், அதுவும் கண்ணைவிட்டுத் தள்ளி. வீட்டில் நாமே கலப்பதென்றால் 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ பாதாம் எண்ணெய்க்கோ ஆறு துளி, அது ஏறக்குறைய ஒரு சதவீதம். முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடம். தோலில் எரிந்தால் தண்ணீரைத் தேடி ஓடாமல் முதலில் ஏதாவது சமையல் எண்ணெயால் துடைத்து எடுத்து, பிறகு சோப்பு போடுங்கள். குளிக்கும் தண்ணீரில் மட்டும் விடவே விடாதீர்கள். கரையாமல் மிதந்து எங்கே வந்து ஒட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் நான் எனக்கே இழுத்து வைத்துக்கொண்டது. ஆனால் டிஃப்யூசர் விஷயத்தை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. எனக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு அக்கா எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நல்லதுக்குத்தான் என்று டிஃப்யூசரில் நான்கு துளி விட்டுத் தொட்டில் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அக்கா உள்ளே வந்தவள் மூக்கைச் சுருக்கினாள். "டேய், என்னடா இது வாசனை? முதல்ல அதை அணை." "குழந்தைக்கு மூக்கடைப்புக்கா..." "அணைடான்னா." அவளுக்குக் குழந்தை மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மென்தால் குரல்வளையை இறுக்கி, சில நொடி மூச்சையே நிறுத்திவிடக்கூடும். மூக்கிலோ முகத்திலோ நெஞ்சிலோ தடவவும் கூடாது. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடைந்துபோகும் பரம்பரைக் கோளாறு) உள்ள குழந்தை என்றால் இன்னும் கவனம். ஜன்னல்களைத் திறந்துவிட்டு அக்கா குழந்தையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று முழுக்க என்னிடம் அதிகம் பேசவில்லை. பூனை வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். பூனையின் கல்லீரலால் இந்த வகை எண்ணெய்களை நம்முடையது போலச் சமாளிக்க முடியாது.

அந்த வாசனை வீட்டைவிட்டுப் போக நான்கு நாளானது. அக்கா வீட்டுக்காரர் கட்டட வேலையில் இருப்பவர், அவர் சொன்ன ஒரு தகவல்: கழிவுநீர்க் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கப் பெப்பர்மின்ட் எண்ணெயையும் வெந்நீரையும் மேல்மாடியில் குழாய்க்குள் ஊற்றுகிற பழைய முறை ஒன்று உண்டாம். கீழே எந்த அறையில் வாசனை வருகிறதோ அங்கே ஓட்டை. ஊற்றியவர் கீழே இறங்கி வரக்கூடாது, அவர் உடம்பிலிருந்து வரும் வாசனையே சோதனையைக் கெடுத்துவிடும். "அவ்வளவு சின்ன ஓட்டையில கூடப் புகுந்து வரும் மாப்ளே, உன் தொண்டை எம்மாத்திரம்" என்றார்.

இப்போது எண்ணெய் பாட்டில் சமையலறையில் இல்லை. பழுப்புக் கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி, வெயிலும் அடுப்பும் எட்டாத மேல் அலமாரி, திறந்த தேதி ஒட்டிய சீட்டு (பழசானால் காற்றுப்பட்டுத் தோலை இன்னும் அதிகமாக அரிக்கும்). எசென்ஸ் மட்டும் ஏலக்காய் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் அக்கா மறுபடியும் வந்தாள். கேக் செய்யலாம் என்று பாட்டிலை எடுத்தேன். கையிலிருந்து வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து, லேபிளை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்த பிறகுதான் என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.